மலைமேல் நின்ற கப்பல்

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். இயக்குநரின் கடிதம் உங்களுக்கும் வந்திருக்கும். பழைய காலக் கடல்களின் காற்றழுத்த வரைபடத் தொகுப்பு ஜூலையில் வெளியாகிறது. மற்ற கடல்களெல்லாம் தயார். தெற்குக் கடலுக்கு மட்டும் இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. ஒன்று நான் செய்தது, ஒன்று நீங்கள் செய்தது. அண்ணியும் நாத்தனாரும் மாதிரி இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன என்று அவர் எழுதியிருக்கிறார். நகைச்சுவை என்று நினைத்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் முடிவதற்குள் நாம் இருவரும் ஒப்புக்கொண்ட ஒரே வரைபடம் வராவிட்டால், தெற்குக் கடல் இல்லாமலேயே தொகுப்பை அனுப்பிவிடுவாராம். கண் எரிய எரிய வருடக்கணக்கில் பார்த்த கடல் அது. அதற்காக மட்டுமே எழுதுகிறேன்.

தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் கத்துவோம். மின்னஞ்சல் என்றால் அரை மணியில் பதிலுக்குப் பதில் பறக்கும். தபால்தான் சரி. பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதே பாதிக் கோபம் ஆறிவிடும் என்று இங்கே பக்கத்து அறைக்காரர் சொல்கிறார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வருடக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. “இவ கடலை அளக்கலை. வரையறா.”

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடலில் போன கப்பல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்கே ஒரு கப்பல், அங்கே ஒரு தீவு, நடுவில் கண்ணுக்கெட்டாத வெறுமை. ஆனால் காற்று தன் இஷ்டத்துக்கு நடப்பதில்லை. இங்கே அழுத்தம் ஏறினால் அங்கே இறங்கும் என்பது இன்றைய அளவுகளிலிருந்து தெரியும். அந்த உறவை வைத்து வெறுமையை நிரப்பினேன். அது கணக்கு, ஓவியம் அல்ல.

வேலை தவிர வேறெதையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தங்கை


பிப்ரவரி 17

அன்புள்ள என் கணவரின் தங்கைக்கு,

“மதிப்பிற்குரிய” என்று பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று எடுத்துவைத்துவிட்டேன். அத்தைதான் கையெழுத்தைப் பார்த்து, “இது நம்மவ எழுத்து, பிரி” என்றார்.

எட்டு வருடம் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தோம். வெறுமையை வெறுமையாகவே விடுவேன் என்று நான் அடம்பிடித்ததால் எனக்கு ‘ஓட்டை’ என்று பெயர். எல்லாவற்றையும் நிரப்பியதால் உனக்கு ‘ஒட்டு’. என் கண்ணாடி உடைந்தபோது “எங்க அண்ணன் கடை இருக்கு வா” என்று இழுத்துப் போனது நீ. கண்ணாடி மாற்றப் போனவள் வீட்டையே மாற்றிக்கொண்டேன். இதெல்லாம் தெரிந்தவள் இன்றைக்கு “அவர்களுக்கு” என்று எழுதுகிறாள்.

வேலையை மட்டும் எழுதச் சொன்னாய். ஒன்றைச் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன். நான் சொன்னது உனக்கு வலித்திருக்கிறது. கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை நான் வந்து பார்த்தபோது உன் மேசை துடைத்துவைத்தது போல் இருந்தது. ஜன்னல் செடியைக்கூட எடுத்துப் போயிருந்தாய். நீ வேறு ஊருக்கு மாற்றல் வாங்கியதை அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் வலிக்கும்.

இப்போது வேலை. தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதுவதில் என்ன குறைச்சல் என்பதுதான் என் கட்சி. ஆனால் வாதம் வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடுவோம். புதிதாகத் தட்டச்சாகி வந்த பழைய கப்பல் பதிவுகளிலிருந்து ஏழு கப்பல்களை எடுத்திருக்கிறேன். உன் கணக்கில் இவை சேரவில்லை. இடமும் நாளும் பின் பக்கத்தில் இருக்கின்றன. அழுத்தத்தைச் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் அந்த நாளில் எத்தனை மில்லிபார் என்று உன் வரைபடத்தைக் கேட்டு எழுது. கிட்டத்தட்ட சரியாக இருந்தால் உன் கட்சிக்கு வருகிறேன்.

உன் அண்ணன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “என்ன எழுதியிருக்கா?” என்றார். “காற்றழுத்தம்” என்றேன். “அது இந்த வீட்டிலயே ஏகத்துக்கு இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

அண்ணி


மார்ச் 1

அண்ணிக்கு,

ஏழு கப்பல்களுக்கும் கணக்குப் போட்டேன். ஆறுக்கான விடைகள் தனித்தாளில் இருக்கின்றன.

ஐந்தாவது கப்பலுக்கு விடை தர முடியாது. நீங்கள் கொடுத்த இடத்தை நிலப்படத்தில் பார்த்தேன். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, பனி மூடிய மலைத்தொடரின் மேல் அந்தக் கப்பல் நிற்கிறது. மாலுமிகள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்களா என்று தெரியப்படுத்தவும். இவ்வளவு கறாரான ஆள் தேர்ந்தெடுத்த ஏழில் ஒன்று மலை ஏறியதைப் பார்த்து, மாதங்களுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏழாவது கப்பல் இருக்கும் இடம் என் வரைபடத்தில் சாதுவாக இருக்கிறது. 1009. நல்ல வானிலை. துணி துவைத்துக் காயப்போட்டிருப்பார்கள்.

அண்ணன் இன்னும் சட்டைப் பையில் திருப்புளி வைத்துக்கொண்டு துணியைக் கிழித்துக்கொள்கிறானா? இது வேலை சம்பந்தப்பட்ட கேள்வி இல்லைதான். பதில் தேவையில்லை.

உங்கள் நாத்தனார்


மார்ச் 12

நாத்தனாரே,

கிழித்துக்கொள்கிறார். இந்த மாதம் இரண்டு சட்டை போனது.

மலைக்கப்பலுக்குத் தலைகுனிகிறேன். பார்க்காமல் அனுப்பிவிட்டேன். இதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாதே.

மற்றதைக் கேள். ஐந்து கப்பல்களில் நீ சொன்னதற்கும் அவர்கள் அளந்ததற்கும் நான்கு மில்லிபாருக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஒன்றில் ஒரே ஒரு மில்லிபார். சுற்றிலும் வேறு கப்பலே இல்லாத இடம் அது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ வரையவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஏழாவது. நீ 1009 என்றாய். கப்பல் எழுதியிருப்பது 958.

958 என்றால் துணி காயப்போடும் வானிலை இல்லை. கொடிக்கம்பமே காணாமல் போயிருக்கும். உன் வரைபடத்தில் அந்தப் புயல் இல்லவே இல்லை. பக்கத்தில் அளவு எதுவும் இல்லாதபோது உன் முறை சராசரிக்குச் சாய்ந்துவிடுகிறது. நான் பயந்தது இதைத்தான்.

சந்தோஷத்தில் நாற்காலியைவிட்டு எழுந்தேன், எழுந்த வேகத்தில் உட்கார்ந்தேன். என் வரைபடத்திலும் அது இல்லை. அது ஏன் இல்லை என்று தேடினேன். அந்தக் கப்பல் முன்பே என்னிடம் இருந்திருக்கிறது, வேறொரு தொகுப்பில். மற்றவற்றோடு ஒத்துப்போகாத அளவைத் தூக்கி எறியும் விதி ஒன்று எழுதிவைத்தேன் இல்லையா, அந்த விதி அதைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கே ‘தெரியாது’ என்று போட்டிருக்கிறது. யாரும் சொல்லாத இடம் என்று நான் விட்டுவைத்த ஓட்டையில், ஒருவர் கத்திச் சொல்லியிருக்கிறார்.

கருவி கெட்டுப்போயிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் முந்தைய நாளிலிருந்தே படிப்படியாக இறங்கி, அடியைத் தொட்டு, படிப்படியாக ஏறியிருக்கிறது. கெட்டுப்போன பாரோமீட்டர் அவ்வளவு ஒழுங்காகக் கெடாது. நீ என்ன நினைக்கிறாய்?

ஓட்டை


மார்ச் 21

ஓட்டை,

நிஜம். அது நிஜமான புயல். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். டப்பாவைத் திறந்தபடியே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், எறும்பு சாப்பிட்டிருக்கும்.

நீ ஒதுக்கிய அந்த அளவுகளை என் கணக்கில் சேர்த்து மறுபடி ஓட்டினேன். ஒரே ஒரு கப்பல்தான். கடலே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வழவழவென்றிருந்த இடத்தில் வளையம் வளையமாக ஒரு தாழ்வு மண்டலம் எழுந்து நின்றது. இத்தனை நாள் அந்த இடத்தில் நல்ல வானிலை என்று எழுதி, பெருமையாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். கழற்றிவிட்டேன்.

இப்போது கேள். புயல் ஒரே இடத்தில் நிற்காது. அங்கிருந்து கிழக்கே நகரும். இரண்டு நாளில் எங்கே போயிருக்கும் என்று கணக்கு காட்டுகிறது. அந்த இடத்தைத் தாளில் குறித்திருக்கிறேன். அங்கே அன்றைக்கு ஒரே ஒரு கப்பல் இருந்திருந்தால் போதும், நாம் சொல்வதை யாரும் மறுக்க முடியாது. என்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் புரட்டிவிட்டேன். யாரும் இல்லை. சுத்தமான வெறுமை.

ஒரே ஒரு கப்பலை நம்பி இப்படி ஒரு புயலைத் தொகுப்பில் போட்டால் இயக்குநர் விடமாட்டார். நீயும் விடமாட்டாய். நானே விடமாட்டேன். கிட்டே வந்து கதவு சாத்தியிருக்கிற மாதிரி இருக்கிறது.

நீங்கள் என்று எழுத மறந்துவிட்டேன். மறுபடி ஆரம்பத்திலிருந்து எழுதச் சோம்பலாக இருக்கிறது. இப்படியே இருக்கட்டும்.

ஒட்டு


மார்ச் 29

அடி ஒட்டு,

யாரும் இல்லையா? நன்றாகப் பார். உன் ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

மலைமேல் நிற்கிற அந்த ஐந்தாவது கப்பலின் தேதியைப் பார்த்தாயா? புயலுக்குச் சரியாக இரண்டு நாள் கழித்து. அதன் தீர்க்கரேகையை மேற்கு என்று எழுதியிருக்கிறார்கள். அதைக் கிழக்கு என்று மாற்றிப் பார்த்தேன். கப்பல் மலையிலிருந்து இறங்கி, உலகத்தின் அடுத்த பக்கத்துக்குப் போய், நீ தாளில் குறித்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றது.

உடனே எனக்கே என்மேல் சந்தேகம். நமக்கு வேண்டும் என்பதற்காகக் கப்பலைத் தூக்கி நட்டுக்கொள்கிறோமோ? அதனால் அந்தப் பயணம் முழுவதையும் வரவழைத்துப் பார்த்தேன். முந்தின நாள் கிழக்கு. அடுத்த நாளும் கிழக்கு. அந்த ஒரு நாள் மட்டும் மேற்கு. கோடு போட்டால் மூன்றும் நேராகச் சேர்கின்றன. எழுதியவருடைய கை ஒரே ஒரு தடவை தவறியிருக்கிறது. கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் எழுதினால் எனக்கும் தவறும்.

அழுத்தம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். கணக்குப் போட்டு நீ எழுது. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதையும் சேர்த்து எழுது. தப்பித்துக்கொள்வதற்காக ஐம்பது கூடலாம் என்று எழுதினால் சண்டை மறுபடி ஆரம்பம்.

உன் அண்ணன் கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்துவிட்டார். “ரெண்டு பேரும் சண்டை போடுறீங்களா, கொஞ்சிக்கிறீங்களா? எனக்கு ஒரு பவர் சொல்லு, அதுக்கேத்த மாதிரி கண்ணாடி போட்டுக்கிறேன்” என்கிறார். அத்தைக்கும் ஆதங்கம். “முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உட்கார்ந்து ஊருக்கே லைன் போட்டுக் கொடுத்தேன். வீட்டுல இருக்கிற ரெண்டு பேருக்குப் போட முடியல” என்றார். “லைன் கிடைச்சாச்சு அத்தை, கொஞ்சம் இரைச்சல் இருக்கு, அவ்வளவுதான்” என்றேன்.

ஓட்டை


ஏப்ரல் 5

ஓட்டை,

964. எட்டு கூடலாம், எட்டு குறையலாம். ஒன்பது என்றால்கூட என் தோல்விதான்.

இதை எழுதி, உறையை ஒட்டி, தபால்பெட்டி வரைக்கும் நடந்து, போடாமல் திரும்பிவந்து மறுபடி கணக்குப் போட்டேன். அதேதான் வந்தது. மறுபடி போகிறேன்.

சீக்கிரம் எழுது. தபால் என்று யோசனை சொன்னவளை எனக்கே பிடிக்கவில்லை.

ஒட்டு


ஏப்ரல் 11

966.

தந்தி மாதிரி இருக்கட்டும் என்று அந்த ஒரு எண்ணை மட்டும் எழுதி அனுப்ப நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

966, ஒட்டு. உன் கடிதத்தை அலுவலக வாசலிலேயே நின்று பிரித்தேன். மாடிப்படியில் ஓடினேன். என்னைப் பார்த்தால் தெரியும், ஓடுகிற உடம்பா இது? இயக்குநர் எதிரே வந்தார். “என்ன, எங்கயாவது தீப்பிடிச்சிருச்சா?” என்றார். “புயல் சார்” என்றேன். ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு கப்பல்களும் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை. ஒன்றுக்கு இன்னொன்று இருந்ததே தெரியாது. ஒன்று குப்பைக்குப் போனது, ஒன்று மலைக்குப் போனது. இரண்டையும் கொண்டுவந்து உட்காரவைத்தால் ஒரே புயலைச் சொல்கின்றன. நம் இருவரிடமும் இல்லாத புயல். ஆளுக்கொரு பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தால் ஆயுளுக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

இனி வரைபடத்துக்கு வருவோம். நிரப்பு. எல்லா இடத்தையும் நிரப்பு, நான் தடுக்கவில்லை. ஆனால் எவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்பதையும் நிறத்திலேயே காட்டுவோம். கப்பல் இருந்த இடம் அடர்நீலம். தள்ளிப் போகப் போக வெளிறிக்கொண்டே போகட்டும். எதுவுமே இல்லாத இடத்தில் கோடு மட்டும் மெலிதாக. பார்க்கிறவருக்கு இது அளந்தது, இது கணித்தது என்று தெரிந்துவிடும். என் விதியையும் மாற்றுகிறேன். ஒத்துப்போகாத அளவை இனிமேல் எறியாது. நம் இருவரிடமும் காட்டும், நாம் பார்த்து முடிவு செய்வோம்.

ஜூன் கூட்டத்துக்கு நீ வர வேண்டும். விடுதி பார்க்காதே, பார்த்தால் அத்தை என்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்.

உன் ஓட்டை


ஜூன் 28

அன்புள்ள அண்ணி,

இது பழைய “அண்ணி”. அப்படியே படித்துக்கொள்.

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். பையைத் திறந்தால் பாதிக்கு மேல் அம்மா வைத்த சாப்பாடு. என் துணிகளை எடுத்து உங்கள் அலமாரியில் வைத்துவிட்டு அந்த இடத்தில் டப்பாக்களை அடுக்கியிருக்கிறார். நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்டத்தில் நீ செய்ததை அங்கேயே சொல்லத் தெரியவில்லை. படங்களை நான் காட்டி முடித்ததும் நீ எழுந்தாய். போன தடவையும் இப்படித்தான் எழுந்தாய். “போன வருஷம் இதே இடத்துல இவளைப் பத்தி ஒண்ணு சொன்னேன். இங்க இருந்த எல்லாரும் கேட்டீங்க. அது தப்பு. அதையும் எல்லாரும் கேட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தாய். அதற்குப் பிறகு கேட்ட மூன்று கேள்விகளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று சத்தியமாக நினைவில்லை. நல்ல பதில்கள் என்று இயக்குநர் சொன்னார்.

நான் சொல்லாமல் போனதும் தப்புதான். உன் முகத்தைப் பார்த்தால் போக முடியாது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை வந்து மேசையைக் காலி செய்தேன்.

இப்போது முக்கியமானது. ரயிலில் ஏறின பிறகு இயக்குநர் அழைத்தார். அக்டோபரில் தெற்குக் கடலுக்கு ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று போகிறது. காற்றழுத்தம் அளக்கும் மிதவைகளைக் கடலில் விட்டுவிட்டு வரும். நம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, எங்கே மிக வெளிறியிருக்கிறதோ அங்கே விடலாம் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். நம் ஆளுக்கு ஓர் இடம் உண்டாம். நீ போ. உன் ஓட்டைகளை உன்னைவிட யாருக்குத் தெரியும்?

ஒட்டு


ஜூலை 6

ஒட்டு,

நானா? டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் தலை சுற்றுகிற ஆள் நான். அந்தக் கப்பலில் ஏற்றினால் மிதவைக்குப் பதிலாக என்னைத் தூக்கிக் கடலில் போடச் சொல்வேன்.

உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ள நினைத்தால் தபாலில் கோபித்துக்கொள், வந்து சேர்வதற்குள் நீ கப்பல் ஏறியிருப்பாய்.

அத்தையிடம் நான் சொல்லவில்லை. உன் அண்ணன்தான் சொன்னார். அத்தை மறுநாள் கடைக்குப் போய் இரண்டு கம்பளிச் சட்டை வாங்கிவந்தார். ஒன்று உனக்கு. இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். “ஒண்ணு நனைஞ்சா?” என்றார்.

ஓட்டை


நவம்பர் 9, கப்பலிலிருந்து, மின்னஞ்சலில்

அண்ணி,

இங்கே தபால்பெட்டி இல்லை. இன்றைக்கு நாங்கள் இருக்கும் இடம் நம் வரைபடத்தில் கிட்டத்தட்ட வெள்ளை.

முதல் நாலு நாள் எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. இப்போது பழகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் தட்டு நகராமலிருக்க ஈரத்துணி விரிக்கிறார்கள். அப்படியும் என் கரண்டி எதிரில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினியரிடம் போய்விடுகிறது. அவர் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுகிறார். இரண்டு கம்பளிச் சட்டையையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறேன், அம்மாவிடம் சொல்.

கடல் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோல இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இல்லை. நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. அலை மலை மாதிரி எழுந்து, நம்மைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பத்திரமாக இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. இதில் நின்றுகொண்டு ஒருவர் பாரோமீட்டரைப் பார்த்து எண் எழுதினாரே என்று நினைத்துக்கொள்கிறேன். யாருக்காக எழுதுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. நமக்காகத்தான் எழுதியிருக்கிறார்.

நாளைக் காலை என் மிதவையைக் கடலில் விடுகிறார்கள். கயிற்றை அவிழ்ப்பது நான். அது நேராக உன் திரைக்குத்தான் எண் அனுப்பும். வேலை செய்யுமா என்று பயமாக இருக்கிறது.

ஒட்டு


நவம்பர் 11

ஒட்டு,

நேற்றுக் காலையிலிருந்து நான் திரையைவிட்டு நகரவில்லை. உன் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் காவலாளி, “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டதற்கு அத்தை, “எம் பொண்ணை” என்றாராம். நீ இங்கே இல்லையே என்று காவலாளி குழம்பிப்போய் எனக்குப் போன் செய்தார்.

மூன்று பேரும் என் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். காலை போனது, மதியம் போனது. இயக்குநர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, போகாமல் அப்படியே நின்றார். உன் அண்ணன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு என்னுடையதைக் கழற்றித் துடைத்தார், பிறகு இயக்குநருடையதைக் கேட்டார்.

தேநீர் வரும் நேரத்துக்கு ஓர் எண் வந்து விழுந்தது. 987. நான் கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் இன்னொரு எண். 988. ஏறுகிறது, ஒட்டு. நன்றாக வேலை செய்கிறது.

அத்தை எழுந்து திரைக்குக் கிட்டே போனார். அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது அவ விட்டதா?”

“ஆமா அத்தை.”

“அவ இருக்கிற இடத்துல இருந்தா வருது?”

“அங்கயிருந்துதான்.”

“ஏறுதுன்னா நல்லதா?”

“நல்லது அத்தை. வானம் தெளியுதுன்னு அர்த்தம்.”

அத்தை நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “சரி, நீங்க எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க” என்றார். “நான் பார்த்துக்கிறேன்.”

அண்ணி